வேலூர் சொந்தங்கள் குழு: சபை மரபை மீறலாமா?

தம்பி (காட்பாடி): பெரியப்பா, ஆளுங்கட்சியாக இருந்தாலும் சட்டசபை, நாடாளுமன்ற மரபை மீறக் கூடாது என்று நீங்கள் அனுப்பிய ஆடியோ கேட்டேன். மக்கள் ஜெயிக்க வைத்த கட்சி பழைய சபை மரபுக்காக ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்? 1964ல் அமெரிக்க செனட்டில் கறுப்பின மக்களின் சிவில் உரிமைச் சட்டத்தை இரண்டு மாதத்துக்கு மேல் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். அதுவும் மரபுதானே?

பெரியப்பா (குடியாத்தம்): இழுத்தடித்தார்கள், சரி. ஆனால் இரண்டு கட்சியிலும் ஆள் சேர்த்து, செனட்டின் 100 பேரில் 71 பேர் ஓட்டு வாங்கி, இருந்த விதிப்படியே அந்த விவாதத்தை முடித்தார்கள். விதியை உடைத்த கதையைக் கேள். நீதிபதி நியமனத்தை ஓட்டுக்கு விட 60 பேர் வேண்டும் என்பதை 2013ல் ஜனநாயகக் கட்சி தூக்கியது. உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் விட்டு வைத்தது. 2017ல் குடியரசுக் கட்சி அதையும் தூக்கியது. 2020ல் அதிபர் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது 52-48ல் உச்ச நீதிமன்றத்துக்கே ஒரு நீதிபதியை நியமித்துவிட்டார்கள். வழி திறந்து விட்ட ஜனநாயகக் கட்சியால் தடுக்க முடியவில்லை.

அத்தை (ஆரணி): அவ்வளவு தூரம் போவானேன் அண்ணா? 1952ல் சென்னை மாகாணத்தில் 375 இடத்தில் காங்கிரசுக்கு 152தான். ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகள் உட்பட எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஆட்சி கேட்டும் கவர்னர் கூப்பிடவில்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார்கள். நம் வட ஆற்காட்டுப் பக்கத்து காமன்வீல் கட்சி ஆதரவு கொடுத்தது, அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். அப்பா கடைசிவரை அதைச் சொல்லி வருத்தப்படுவார்.

தம்பி: கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாது என்றுதானே செய்தார்கள்? ஆட்சியும் நின்றதே அத்தை.

அத்தை: நின்றது. கவர்னர் யாரைக் கூப்பிடுவார் என்கிற சண்டையும் இன்றுவரை நிற்கிறது. பயம் எல்லாக் கட்சிக்கும்தான் இருக்கும்டா, அதற்காக எல்லாரும் மீறலாமா?

நான்: வேளாண் சட்டங்களைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 20ல் மாநிலங்களவையில் ஓட்டை எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டும், குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். 2021 நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற்றபோதும் விவாதமே இல்லை. டெல்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்த விவசாயிகளைப் பற்றிக்கூட சபையில் பேச விடவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

தம்பி: அப்போ தப்பான விதியை எப்படித்தான் மாற்றுவது அக்கா?

நான்: வெளிப்படையாக மாற்றட்டும், ஆனால் அடுத்த தேர்தலுக்குப் பிறகு அமலுக்கு வரட்டும். அப்போது யார் ஆளுங்கட்சி என்று யாருக்கும் தெரியாது. எழுதுகிறவர்கள் நியாயமாக எழுதுவார்கள்.

தம்பி: அதுவரை காத்திருக்க முடியாத விஷயம் வந்தால்?

பெரியப்பா: இருக்கிற விதிக்குள் ஓட்டுத் தேடட்டும். 71 பேரை அப்படித்தான் சேர்த்தார்கள்.

தம்பி: சேராமல் போயிருந்தால் அந்த மக்கள் கதி? அதற்கு உங்களிடம் பதில் இல்லை பெரியப்பா. அக்கா சொன்ன 'அடுத்த தேர்தலுக்குப் பிறகு' என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.