பொதுமக்களுக்குத் தாவரவியலை எடுத்துச் சொல்பவர் எவ்வளவு கற்றிருக்க வேண்டும்?

கேள்வி: வேர்த்தூவி

வணக்கம். வேறு துறையில் பட்டம் பெற்ற நான், சில ஆண்டுகளாகச் சொந்த முயற்சியில் தாவரங்களைப் பயின்று வருகிறேன். அண்மையில், ஆர்வமுள்ளவர்களை அழைத்துச் சென்று சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வளரும் செடிகளைக் காட்டத் தொடங்கியிருக்கிறேன். இதில் இரண்டு தயக்கங்கள் உள்ளன. சிற்றினம் வரை என்னால் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாத செடிகளே வழியில் அதிகம். புற்களும் கோரைகளும் அவற்றில் முதன்மையானவை. மேலும், எதைக் காட்டினாலும் “இது எந்த நோய்க்கு மருந்து?” என்பதே முதல் கேள்வியாக வருகிறது; அதற்குள் நுழைந்துவிட்டால் செடியை யாரும் பார்ப்பதில்லை. வகைப்பாட்டியலை முறையாகக் கற்று முடித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டுமா?

பதில் 1: சூல்தண்டு

கற்றுக்கொண்டே செய்யலாம். அறிவியல் விவரித்துள்ள கலன்தாவரச் (நீரையும் உணவையும் கடத்தும் திசுக்கள் கொண்ட தாவரங்களின்) சிற்றினங்கள் ஏறத்தாழ மூன்றரை லட்சம்; ஆண்டுதோறும் சுமார் 2,000 புதியவை சேர்கின்றன. ஒரு தாவரக் குடும்பத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர்கூட அடுத்த குடும்பத்துச் செடியைக் கையில் கொடுத்தால் தயங்குவார். ஆகவே முதலில் குடும்பங்களைக் காணப் பழகுங்கள். எதிரெதிராக அமைந்த இலைகளும், எதிரெதிர்க் காம்புகளுக்கு இடையே தண்டில் ஒட்டிய இலையடிச் செதிலும் இருந்தால் காப்பிச் செடி அடங்கிய ரூபியேசி குடும்பத்தை நினைக்கலாம். கோரையின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் பெரும்பாலும் மூன்று விளிம்புகள் தட்டுப்படும், இலைகளும் மூன்று வரிசையில் இருக்கும். புல்லிலோ இலைகள் இரண்டு வரிசை, தண்டில் புடைத்த கணுக்கள் உண்டு. இவ்வளவு தெரிந்தாலே ஒரு மணி நேரம் பேசலாம்.

மருந்துக் கேள்வியைத் தடுக்க முயல வேண்டாம். அதைவிடச் சுவையான ஒன்றைக் கையில் கொடுங்கள். காகிதப்பூவைப் பறித்துத் தந்து, பூ எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வண்ணத்தோடு தெரியும் மூன்றும் பூவடிச் செதில்கள். ஒவ்வொரு செதிலின் நடுநரம்போடும் ஒட்டியபடி மெல்லிய குழல் ஒன்று நிற்கும். அதன் வெளிறிய வாய் சிறு விண்மீனாக விரிந்தால்தான் பூ மலர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் குழலும் அல்லிவட்டம் அன்று, புல்லிவட்டமே. இந்தப் பூவில் அல்லியிதழ் கிடையாது. அடுத்து, பத்து மடங்கு பெருக்கும் கைலென்சில் வெட்டுக்காயப் பூண்டின் தலைமஞ்சரியை, அதாவது ஒரே பூப்போலத் தெரியும் பூக்கொத்தை, காட்டுங்கள். ஓரத்தில் நுனி மூன்றாகப் பிளந்த கதிர்ச் சிறுமலர்கள் சில, நடுவில் ஐந்து மடல் கொண்ட குழல் சிறுமலர்கள் பல. ஒரே பூவென்று எண்ணியது ஒரு கூட்டம் என்பதைத் தம் கண்ணால் கண்டவர்கள் அடுத்த செடியைத் தாமாகவே குனிந்து பார்ப்பார்கள்.

பதில் 2: உலர்தாள்

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் குடும்பம் தெரிந்தால் போதும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கொத்தமல்லியும் சீரகமும் உள்ள ஏபியேசி குடும்பத்தில்தான் கொடிய நஞ்சான ஹெம்லாக்கும் இருக்கிறது. எனவே உண்ணலாமா, மருந்தாகுமா என்ற பேச்சு எழும்போது சிற்றினம் உறுதியாகாத செடியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நேர்மை. “தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று சொல்வதால் வழிகாட்டியின் மதிப்பு குறைந்துவிடாது.

பார்த்துச் சொல்வதற்குச் சான்று வேண்டும். பறிக்க அனுமதியுள்ள இடத்தில், பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி, ஈரம் போகும்வரை தாள்களை மாற்றி உலர்த்துங்கள். இடம், நாள், சேகரித்தவர் பெயர், வாழிடம் ஆகியவற்றோடு, செடியின் உயரம், பூவின் நிறம், பால் வடிகிறதா என்பனவற்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். உலர்ந்த மாதிரியில் இவை எஞ்சியிருக்கும் என நம்ப முடியாது. நூறாண்டுக்கு முந்தைய உலர்மாதிரிகளில் இருந்த நாள் குறிப்பை வைத்தே, வெப்பநிலை உயர உயரச் சில செடிகள் முன்கூட்டிப் பூப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எழுதியவர்கள் அப்பயனை எண்ணியே பார்த்திருக்க மாட்டார்கள்.

கேட்டவர்: வேர்த்தூவி

இருவருக்கும் நன்றி. இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது கைப்பேசியைச் செடியை நோக்கி நீட்டிச் செயலி சொல்லும் பெயரைப் படித்துவிடுகிறார்கள். அதை எப்படிக் கையாள்வது?

பதில் 3: இலைவடு

படிக்கட்டும். அந்தப் பெயருக்கு ஆதரவாக இரண்டு பண்புகளைச் செடியிலேயே காட்டச் சொல்லுங்கள். பல நேரங்களில் பெயர் அங்கேயே உடைந்துவிடும், ஏனெனில் பெரும்பாலோர் பூவின் முகத்தை மட்டும் படமெடுத்திருப்பார்கள். முழுச் செடி, இலையின் இருபுறம், கணு, பூவின் பக்கத் தோற்றம், காய் எனத் தனித்தனியாக எடுத்து உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவேற்றப் பழக்கினால், அந்தப் படங்களைப் பிறர் சரிபார்க்க முடியும். அங்கே ஒரு பதிவு ‘ஆய்வுத் தரம்’ என்னும் நம்பகத் தகுதியை எட்ட, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்டோர் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனவர்கள் அனைவரும் தவறாக இருக்கவும் கூடும், அது வேறு கதை.

ஒரே ஓர் எச்சரிக்கை. அரிய ஆர்க்கிட் போன்றவற்றைக் கண்டால் குழுவினரின் கைப்பேசிகளில் இடக்குறிப்பை அணைத்துவிட்டுப் படமெடுக்கச் சொல்லுங்கள். அழிநிலையிலுள்ள சிற்றினங்களின் இருப்பிடத்தை அத்தளம் தானாகவே மங்கலாக்கிவிடும். சமூக ஊடகத்தில் நேரடியாகப் பகிரப்படும் படத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, தோண்டி எடுத்து விற்பவர்களும் அதே பதிவுகளைப் படிக்கிறார்கள்.