டியூப் போகவில்லை, அடுத்து என்ன செய்தீர்கள்?

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர், டெல்டா மாவட்டம்

புதிதாக டியூட்டிக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடித்து ஐந்தாவது மாதம். இரவு 2 மணிக்குப் பூச்சி மருந்து குடித்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். வாயெல்லாம் நுரை, கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 78. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டால்தான் பிழைப்பார் என்ற ஒரே நினைப்பு எனக்கு. தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை வைத்தால் எச்சில் குளம்தான் தெரிந்தது, குரல் நாண் தெரியவில்லை. இரண்டாம் முறை பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். குத்திக் குத்தித் தொண்டை வீங்கியதுதான் மிச்சம். மானிட்டர் சத்தம் கனத்துக்கொண்டே வந்தது என் காதில் விழவே இல்லை. சிஸ்டர்தான் "டாக்டர், 52. வெளியே எடுத்துடுங்க" என்று சொல்லி அமுக்கிக் காற்றூட்டும் ஆம்பு பையைக் கையில் வைத்தார்.

அதற்குப் பிறகு செய்ததை எல்லாம் முதலிலேயே செய்திருக்க வேண்டும். தடிமனான சக்‌ஷன் குழாயை வைத்து வாயைச் சுத்தம் செய்தோம். நாக்கு அடைக்காமலிருக்க வாயில் ஏர்வே வைத்து, நான் இரண்டு கையாலும் தாடையை முன்னுக்குத் தூக்கி மாஸ்க்கை அழுத்திப் பிடித்தேன், சிஸ்டர் பையை அமுக்கினார். விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஏற ஏற நெஞ்சுச் சளி குறைந்தது. சாச்சுரேஷன் 94 வந்தது. அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது ஆக்சிஜன்; டியூப் பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம்.

அனஸ்தீஷியா சார் வந்ததும் முதலில் தலைக்கடியில் துணியை மடித்து வைத்தார், காது மட்டமும் நெஞ்செலும்பு மட்டமும் ஒன்றாக வரும் வரை. டியூப் போடும் முன் தசையைத் தளர்த்தும் சக்சினில்கோலினைத் தொடவில்லை. அதைச் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பூச்சி மருந்து முடக்கிவிடுவதால், சில நிமிடங்களில் தெளிய வேண்டிய அந்த மருந்து மணிக்கணக்கில் நிற்கும். வேறொரு தளர்வு மருந்தான ரோகுரோனியம் கொடுத்து, டியூபுக்கு வழிகாட்டும் பூஜி என்ற மெல்லிய குச்சியை விட்டு, மூச்சுக்குழாய் வளையங்களில் அது தட்டித் தட்டிப் போவதை என் விரலாலேயே உணரச் செய்தார். 7.5 டியூப், பல்லருகே 23 செ.மீ. அவர் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார். பிரிட்டனின் கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2015 வழிகாட்டியில் மூன்று முறைதான் முயலலாம், நான்காவது முறை அனுபவம் கூடியவருக்கு மட்டும் என்று வரம்பு வைத்ததை அதன் பிறகுதான் படித்தேன். ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததைக் கடினமாக்குகிறது என்பது எனக்கு அன்றே புரிந்துவிட்டது.

குழந்தைகள் ஐ.சி.யூ. மருத்துவர்

மேலே சொன்ன தலைத்துணியைச் சின்னப் பிள்ளைக்கு வைக்காதீர்கள். காய்ச்சல் வலிப்போடு வந்த 2 வயதுக் குழந்தைக்கு நாங்கள் அந்தத் தவற்றைச் செய்தோம். குழந்தைக்குப் பின்மண்டை பெரிது. துணி வைத்ததும் கழுத்து மடங்கி, பையை அமுக்கினாலும் காற்று போகவில்லை. துணியைத் தோளுக்கடியில் மாற்றினோம், மார்பு உடனே ஏறி இறங்கியது. கிலோவுக்குக் கணக்கிட்டால் பெரியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆக்சிஜன் குழந்தைக்குச் செலவாகும், அதனால் சாச்சுரேஷன் சரிவது கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். கஃப் (நுனியருகே ஊதும் பலூன்) உள்ள டியூபுக்கு வயதை 4 ஆல் வகுத்து 3.5 கூட்டுவோம், அந்தக் குழந்தைக்கு 4 நம்பர் வந்தது. டியூப் அளவை மூன்றால் பெருக்கினால் ஆழம், 12 செ.மீ. பிளாஸ்டர் ஒட்டிய பிறகும் தலையை விட்டுவிடாதீர்கள். தலை குனிந்தால் டியூப் உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலே வரும்.

108 ஊழியர்

எங்களுக்கு ஓடும் வண்டியில் ஆம்பு பைதான் துணை. பதற்றத்தில் கை தானாக வேகமெடுக்கும். அதிக வேகத்தில் அமுக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிரஷர் விழும். பெரியவர்களுக்கு 6 நொடிக்கு ஒரு தடவை, மார்பு எழும் அளவுக்கு மட்டும். நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டே அமுக்குவேன், கூட வரும் உறவினர் என்ன நினைத்தாலும் சரி.

ஐ.சி.யூ. செவிலியர்

தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்தாராம், இமை தூக்க முடியவில்லை. மூச்சுத் தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரே மூச்சில் எண்ணச் சொன்னோம். 22 வரை எண்ணியவர் ஒரு மணி நேரத்தில் 9 இல் நின்றார். சாச்சுரேஷன் அப்போதும் 97 தான். டாக்டர் அது விழும் வரை காத்திருக்காமல் டியூப் போட்டார். மறுநாள் கண்பாப்பா விரிந்து, விரல்கூட அசையாமல் கிடந்தார். கட்டிலருகே நின்று யாரோ "இது தேறாது" என்றார்கள். நான்காம் நாள் டியூப் எடுத்ததும் அவர் முதலில் கேட்டது, "தேறாதுன்னு சொன்னது யாரு?" அன்றிலிருந்து சக்‌ஷன் குழாய் விடும் முன் ஒவ்வொருவர் காதிலும் சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன்.

ஹவுஸ் சர்ஜன்

டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் எங்கள் காஷுவாலிட்டியில் இல்லை அண்ணா. டியூபில் ஆவி படிந்தால் நம்பலாமா?

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்

ஆவியை நம்பாதே தம்பி, டியூப் இரைப்பையில் இருந்தாலும் ஆவி படியும். ஸ்டெதஸ்கோப்பை முதலில் மேல்வயிற்றில் வை, அப்புறம் இரண்டு அக்குள். வயிற்றில் குமிழிச் சத்தம் கேட்டாலோ, சந்தேகம் தீரவில்லை என்றாலோ, உருவிவிட்டு மாஸ்க்குக்குத் திரும்பு. நிறமாறும் சின்ன கார்பன் டை ஆக்சைடு டிடெக்டர் கிடைக்கிறது. உங்கள் சீஃபிடம் நாளைக்கே எழுதிக் கேள், கடிதம் நான் எழுதித் தருகிறேன்.