படக்கதை வாசித்து, அடுத்தவர் அருமையைக் குழந்தைக்கு உணர்த்த முடியுமா?

கேள்வி:
மகளுக்கு நாலு வயது. யார் எதைச் செய்து கொடுத்தாலும் அது தானாக நடந்தது போல எடுத்துக்கொள்கிறாள். நன்றி சொல்லு என்றால் சொல்வாள், அது வாயோடு சரி. தினமும் படுக்கும் முன் படக்கதை வாசிக்கிறோம், அதை வைத்தே இதைப் பழக்கலாமா? கடைசியில் நீதி சொல்லும் புத்தகங்கள் வாங்கிப் பார்த்தேன், அந்தப் பக்கம் வந்ததுமே மூடிவிடுகிறாள்.

பதில் 1:
மூடட்டும், விடுங்கள். விஷயம் நடுவில் இருக்கும் படங்களில்தான் இருக்கிறது. பிறந்தநாள் கொண்டாட்டப் படம் என்றால் எல்லோரும் கேக்கைத்தான் பார்ப்போம். ஓரமாக நாற்காலி தூக்கி வருகிறாரே ஒருவர், அவரைக் காட்டி "இவர் ஏன் இதைத் தூக்கிட்டு வர்றார், இவருக்கு இப்ப எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள், அப்புறம் பேசாமல் இருங்கள். நாமே பதில் சொல்லிவிடக் கூடாது, அதுதான் முக்கியம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையான குழந்தைகளோடு பெற்றோர் படப்புத்தகம் பார்த்துப் பேசுவதைக் கவனித்தார்கள். உணர்ச்சிகளைப் பற்றிக் குழந்தையையே சொல்லவைத்த பெற்றோரின் பிள்ளைகள்தான் அதிகம் பகிர்ந்தார்கள், உதவினார்கள். பெற்றோர் தாங்களே விளக்கிக்கொண்டிருந்ததற்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை.

பதில் 2:
புத்தகத் தேர்விலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சட்டை போட்ட கரடி, முயல் கதைகள்தான் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி என்று நினைக்கிறோம். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பகிர்தல் பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மனிதர்கள் வரும்படியும் சிலருக்கு விலங்குகள் வரும்படியும் வாசித்துக் காட்டினார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களை அதிகம் கொடுத்தார்கள். அதற்காக விலங்குக் கதைகளைத் தூக்கிப் போட வேண்டாம், அவை தரும் சந்தோஷமே தனி. இந்த விஷயத்துக்கு மட்டும் மனிதர்கள் வரும் புத்தகமாக எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்திக் கேட்டால் அவளுக்குக் கதையே பிடிக்காமல் போய்விடாதா?

பதில் 1:
கண்டிப்பாகப் போய்விடும்! முதல் தடவை நிறுத்தாமல் முழுக்க வாசியுங்கள். அதே புத்தகத்தை மறுபடி எடுத்து வருவாள் இல்லையா, அப்போது ஒரு இடத்தில் மட்டும் கேளுங்கள். "தெரியல" என்றால் அடுத்த பக்கம் போய்விடலாம்.