ஆஸ்டியோபதி கைமுறைச் சிகிச்சை: இடுப்பு வலிக்கு உதவுமா?

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். என் அம்மா நெடுங்காலமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வருகிறார். இப்போது இடுப்பிலும் வலத் தோளிலும் வலி விடாமல் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஆஸ்டியோபதி சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுமாறு உறவினர் ஒருவர் சொல்கிறார். இது பிசியோதெரபியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது, மலையிறங்கிப் போகும் அளவுக்குப் பலன் உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (குன்னூர், பிசியோதெரபிஸ்ட்):
அமெரிக்கரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் முன்வைத்து, 1892இல் மிசூரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் நகரில் பள்ளி தொடங்கிக் கற்பித்த முறை இது. உடல் முழுவதும் ஒன்று, அதன் அமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை, தன்னைச் சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் உடலுக்கே உண்டு என்பவை இதன் அடிப்படைகள். ஆகவே இடுப்பு வலி என்று வருபவர் நிற்கும் விதம், குனியும் விதம், மூச்சு விடும் விதம் அனைத்தையும் கவனித்த பிறகே கை வைப்பார்கள். தசையை அழுத்தி நீட்டுவது, மூட்டை மெல்ல அசைப்பது, நோயாளியையே தசையை இறுக்கித் தளர்த்தச் சொல்வது, சில வேளை சட்டென்று சொடுக்குவது ஆகியவை இதில் அடங்கும். சொடுக்கும்போது கேட்கும் ஒலி மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவதே தவிர, விலகிய எலும்பு இடத்தில் சேர்ந்ததற்கு அடையாளம் அன்று; எலும்பு சேர்ந்துவிட்டது என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் ஏராளம். நாள்பட்ட கீழ்முதுகு வலி இம்முறையால் ஓரளவு குறையலாம். மண்டையோட்டைத் தொட்டுச் செய்யும் பிரிவுக்கு வலுவான சான்று இல்லை. நல்ல பிசியோதெரபிஸ்டும் இவற்றில் பலவற்றைச் செய்து, உடற்பயிற்சியும் கற்றுத்தருவார் என்பதால், அருகில் ஒருவர் இருந்தால் முதலில் அவரிடமே காட்டலாம்.

பதில் 2 (உதகமண்டலம்):
அமெரிக்காவில் இத்துறையில் பட்டம் பெற்றவர்கள் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமையுள்ள முழு மருத்துவர்கள். பிரிட்டனிலோ 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற தனித் தொழிலினர். எனவே கோயம்புத்தூரில் சிகிச்சை தருபவர் எங்கே, எத்தனை ஆண்டுகள் படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். காலில் மரப்பு, சிறுநீரை அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, எலும்புத் தேய்மானம் ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கழுத்தைச் சொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

பதில் 3 (தோட்டப் பணியில் இருந்தவர்):
சரிவில் ஒரு காலை மேலே ஊன்றிப் பறிப்பதும், நிறைந்த மூட்டையை ஒரே தோளில் சுமந்து எடை போடும் இடம் வரை நடப்பதும் தொடரும் வரை எந்தக் கைச் சிகிச்சையும் வலியைச் சில நாள்தான் தள்ளிப்போடும். மூட்டை பாதி நிறைந்ததும் இறக்கி வைக்கவும், தோள் மாற்றிச் சுமக்கவும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. முதலில் ஊட்டி அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்னால் பிசியோதெரபி தொடங்குகிறோம்.