பழைய 5.1 ஹோம் தியேட்டர்: லென்ஸ் மாற்றியும் "நோ டிஸ்க்" என்றே காட்டுகிறது

கடலோரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். 2007 தீபாவளிக்கு வாங்கிய செட். டிவிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில், சுற்றி ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர். வீடு தூத்துக்குடியில். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிற தெரு. இருந்தும் பல வருஷம் குறை வைக்காமல் ஓடியது.

போன வருஷம் டிவிடி போட்டால் நடுவில் திக்க ஆரம்பித்தது. பிறகு டிவிடி எது போட்டாலும் "நோ டிஸ்க்". ஆனால் பாட்டு சிடி மட்டும் தடையில்லாமல் பாடியது. பக்கத்துக் கடையில் லென்ஸ் போய்விட்டது என்றார்கள். சரி, லென்ஸ்தானே என்று அதே நம்பரில் புதிது ஒன்றை 350 ரூபாய்க்குத் தருவித்து நானே மாட்டினேன். இப்போது பாட்டு சிடியும் ஓடவில்லை! இருந்ததும் போச்சு.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. சிரிக்கக் கூடாது. அடுத்த மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். என் கல்யாணத்தில் அவர் என்ன செய்தார் என்று தெரிந்தால்தான் நாங்கள் திருப்பிச் செய்ய முடியும். மொய் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. சித்தப்பா கிரைண்டர் கொடுத்தார் என்கிறார் அம்மா. கிரைண்டர் என் தாய்மாமா கொண்டுவந்த சீர், உங்கள் சித்தப்பா கையை வீசிக்கொண்டு வந்தார் என்கிறாள் மனைவி. கல்யாண டிவிடி இரண்டு இருக்கின்றன. இரண்டாவதன் கடைசியில்தான் மேடையில் பரிசு கொடுக்கும் காட்சி வரும். வீட்டில் பேச்சு முற்றுவதற்குள் யாராவது வழி சொல்லுங்கள்.

சும்மாவந்தேன்:

இந்தக் காலத்தில் டிவிடி பிளேயரை யார் பழுது பார்க்கிறார்கள்? எடைக்குப் போட்டுவிட்டு ஒரு சவுண்ட்பார் வாங்குங்கள். சித்தப்பாவுக்கு ஐந்தாயிரம் மொய் எழுதினால் பிரச்சினை முடிந்தது.

டிஸ்க்பெட்டி:

செட் கிடக்கட்டும், முதலில் டிஸ்க்கைக் காப்பாற்றுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் கொடுப்பது வீட்டில் எழுதும் வகை டிஸ்க். அதில் தகவல் பதிவது சாயப் பூச்சு ஒன்றில். வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் வெளுக்கும். யாரிடமாவது டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் இருந்தால் டிஸ்க்கில் உள்ள வீடியோ ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். கல்யாண டிஸ்க்கில் பூட்டு எதுவும் இருக்காது. படம் ஒரு ஜிபி, ஒரு ஜிபியாகத் துண்டு போட்ட கோப்புகளாக இருக்கும். கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்கும் விஎல்சி புரோகிராமில் நேராக ஓடும்.

கடலோரத்தான்:

செய்து பார்த்தேன். மருமகனின் பழைய கம்ப்யூட்டரில் முதல் டிஸ்க் முழுசாக வந்துவிட்டது. இரண்டாவதில் ஐந்து கோப்பு. நான்கு வந்தன, ஐந்தாவது பாதியில் நின்றுவிட்டது. டிரைவ் மாவு மில் மாதிரி இரைகிறது. சாப்பாட்டுப் பந்தி வரை பார்த்தாயிற்று. சித்தப்பா பந்தியில் இருக்கிறார், இரண்டாவது முறை பாயசம் வாங்குகிறார். பரிசு மேடை மட்டும் வரவில்லை.

ரேடியோகொட்டகை:

தம்பி, நான் டேப்ரெக்கார்டர் காலத்திலிருந்து கடை வைத்திருக்கிறேன். இரண்டு கேள்வி. மேல் மூடியைக் கழற்றி, அறையை இருட்டாக்கி, டிஸ்க் இல்லாமல் ஆன் செய்து, டிரேயை உள்ளே விடுங்கள். லென்ஸ் மேலும் கீழும் இரண்டு மூன்று முறை ஆடுகிறதா? ஆடும்போது அதில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறதா? பக்கவாட்டில் சாய்வாகத்தான் பார்க்க வேண்டும், நேர் மேலே கண்ணை வைக்கக் கூடாது. பவர் சப்ளை பக்கம் கை போகவே கூடாது. அங்கே நிற்கும் பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

பழைய லென்ஸில் பாட்டு சிடி மட்டும் ஓடியது என்றீர்களே, அது நல்ல துப்பு. நாம் லென்ஸ் என்று சொல்லும் அந்த முழுப் பாகத்துக்குள் இரண்டு லேசர் உண்டு. சிடிக்கு 780 நானோமீட்டர், அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. டிவிடிக்கு 650, அது சிவப்பு. ஒன்று தளர்ந்து மற்றது நன்றாக இருப்பது தினம் பார்க்கிற கதை. ஆகவே லென்ஸ் போச்சு என்று கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு லென்ஸ் மேல் ஒரு படலம் படிந்திருக்கும். (தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக், பூத்துப்போகும்.)

மீட்டர் இருந்தால் மெயின் போர்டில் 5 வோல்ட் என்று எழுதிய இடத்தில் அளந்தும் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபையரும் அதே பெட்டியில் இருப்பதால் சூட்டில் கண்டன்சர் காய்ந்து தலை உப்பியிருக்கும். அந்த லைன் தொய்ந்தால் எந்த லென்ஸ் போட்டாலும் "நோ டிஸ்க்"தான்.

கடலோரத்தான்:

பார்த்தேன் அண்ணாச்சி. லென்ஸ் ஆடுகிறது, மூன்று முறை. சிவப்பு இல்லவே இல்லை. பழைய லென்ஸைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், மங்கலாகச் சிவப்பு தெரிகிறது, பாட்டு சிடியும் பாடுகிறது. 5 வோல்ட் லைனில் 4.9 காட்டுகிறது. கண்டன்சர் எதுவும் உப்பவில்லை. புது லென்ஸ் போலியா?

ரேடியோகொட்டகை:

போலி என்று இப்போதே சொல்லாதீர்கள். லென்ஸ் ஆடுகிறது என்றால் அதை ஆட்டும் கம்பிச் சுருள் (காயில்) நன்றாக இருக்கிறது, லென்ஸை போர்டோடு இணைக்கும் பட்டை வயரும் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் மட்டும் இல்லை. புது லென்ஸின் அடியிலோ பக்கவாட்டிலோ சின்ன போர்டு இருக்கும். அதில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைச் சேர்த்து, மிளகு அளவுக்குப் பளபளப்பாக ஈயம் வைத்திருக்கிறதா? பழைய லென்ஸில் அதே இடத்தைப் பாருங்கள். அங்கே அந்தப் புள்ளிகள் பிரிந்திருக்கும்.

அது கம்பெனியிலேயே வேண்டுமென்று வைப்பது. நம் விரல் நுனியில் இருக்கும் நிலை மின்சாரம் போதும், லேசர் வெளிச்சம் தரும் டயோடு செத்துவிடும். அதனால் அதன் இரண்டு காலையும் ஈயத்தால் இணைத்து அனுப்புவார்கள். பட்டை வயரைச் சொருகிய பிறகு அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் டயோடுக்குப் போகிற கரண்ட் அந்த ஈயத்தின் வழியாகவே திரும்பிவிடும், லேசர் எரியாது. என் கடைக்கே புது லென்ஸைக் கொண்டுவந்து "டூப்ளிகேட் தள்ளிவிட்டான்" என்று விற்றவனைத் திட்டியவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். நானும் முதல் லென்ஸை இப்படித்தான் குப்பையில் போட்டேன், அதை வெளியில் சொல்வதில்லை.

வரிசை முக்கியம். முதலில் பட்டை வயரைச் சொருகுங்கள். பிளேயரின் பிளக் வெளியில்தான் இருக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் நன்றாகச் சூடானதும் அதன் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஈயம் உறிஞ்சும் செம்பு வலையை மேலே வைத்து ஒரே தொடலில் எடுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம். பிறகு எப்போதாவது லென்ஸைக் கழற்ற நேர்ந்தால், முதலில் ஈயத்தைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் வயரை உருவ வேண்டும்.

டிஸ்க்பெட்டி:

இது எனக்கும் தெரியாது. நன்றி அண்ணாச்சி. ஒரு சந்தேகம், கம்ப்யூட்டர் டிரைவே படிக்காத டிஸ்க்கை இந்தப் பழைய பிளேயர் படித்துவிடுமா?

ரேடியோகொட்டகை:

படிக்க வாய்ப்பு உண்டு. தம்பி, டிஸ்க் மேலே மாப்பிள்ளை பெண் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா? இருந்தால் ஓரத்தைப் பாருங்கள்.

கடலோரத்தான்:

இருக்கிறது. ஒரு பக்கம் பிறை மாதிரி கிளம்பி நிற்கிறது. உரித்துவிடவா?

ரேடியோகொட்டகை:

வேண்டாம், இழுத்தால் டிஸ்க் வளையும். கிளம்பிய பகுதியை மட்டும் கூரான கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு நறுக்குங்கள். பாரம் சமமாகும். டிஸ்க் உள்ளே நடுவிலிருந்து ஆரம்பித்து வெளி ஓரத்துக்குப் படிக்கப்படுகிறது, கிராமபோன் தட்டுக்கு நேர் எதிர். அதனால்தான் தாலி கட்டுவதெல்லாம் வந்து, கடைசியில் இருக்கும் பரிசு மேடை மாட்டிக்கொண்டது. ஓரத்தில் டிஸ்க் ஆட்டம் போட்டால் லென்ஸ் அதைத் துரத்த முடியாது. கம்ப்யூட்டர் டிரைவ் காப்பி எடுக்கும்போது தலைதெறிக்கச் சுற்றும், மாவு மில் சத்தம் அதுதான். வீட்டு பிளேயர் படத்தின் வேகத்துக்குச் சுற்றினால் போதும், ஓரத்துக்கு வரும்போது நிமிடத்துக்குச் சுமார் 570 சுற்றுதான். நிதானமாகப் போவதால் ஆட்டம் குறையும்.

சும்மாவந்தேன்:

சவுண்ட்பார் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முடிவு தெரிய வேண்டும்.

கடலோரத்தான்:

மன்னிக்கவும், கரண்ட் இல்லாததால் நேற்று எழுத முடியவில்லை. அண்ணாச்சி சொன்ன மிளகு அங்கேயே இருந்தது. எடுத்தேன். கை நடுங்கியதில் இரண்டு தொடல் ஆகிவிட்டது. ஆன் செய்ததும் பளிச்சென்று சிவப்பு! சத்தம் போட்டுக்கொண்டிருந்த டிரேயின் ரப்பர் பெல்ட்டையும் அப்படியே மாற்றிவிட்டேன்.

ஸ்டிக்கரை இரண்டு பக்கமும் நறுக்கிப் போட்டேன். என் மனைவியின் தலை பாதி போய்விட்டது, அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். பந்தி தாண்டியதும் இரண்டு இடத்தில் கட்டம் கட்டமாக உறைந்தது, பிறகு தானே நகர்ந்தது. போன் கேமராவை டிவி முன்னால் ஸ்டாண்டில் வைத்து முழுவதும் படம் பிடித்துக்கொண்டேன்.

கிரைண்டர் தாய்மாமா கொடுத்ததுதான். சித்தப்பா மேடை ஏறி என் தோளைத் தட்டி, கலர் காகிதம் சுற்றிய ஒரு பெட்டியைக் கொடுக்கிறார். நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். ஹாலில் மாட்டியிருக்கும் சுவர்க்கடிகாரம் அது. பத்து வருஷமாக நாலு இருபதிலேயே நிற்கிறது, யாரும் கழற்றவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணாச்சி, கடிகாரம் பழுது பார்ப்பீர்களா?

ரேடியோகொட்டகை:

முதலில் செல்லை மாற்றிப் பாருங்கள் தம்பி.