போட்டுக்குள் கை எட்டாத குழாய்: வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மட்டக்களப்பிலிருந்து:

நான் வீடுகளுக்குக் குழாய் வேலை செய்கிறவன். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி என்று சுவரை உடைத்துப் பைப் மாற்றியே பழகியவன். மீன்பிடிப் போட்டுக்குள் முதல் தரம் இறங்கியபோதுதான் அங்கே உடைக்கச் சுவரே இல்லை என்பது விளங்கியது.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் நின்ற, பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிற போட் அது, பைபர். போன புரட்டாசி, கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. எஞ்சின் அறைக்குள் இறங்கினால் பனியன் பிழிகிற மாதிரி வியர்வை. இரண்டு நாளில் ஐஸ் ஏற்றிக் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தது, அதை இறைக்கிற பம்ப் அடிக்கடி ஓடியது. விசிறித் தண்டு வெளியே போகிற இடத்துப் கடல் தண்ணீரைத் தடுக்கிற பக்கிங் போய்விட்டது, போட்டைக் கரைக்கு இழுத்துச் சிலிப்பில் ஏற்ற வேண்டும் என்று முதலாளி முடிவுக்கே வந்திருந்தார்.

போட் ஓட்டுகிற ஐயாதான் என்னை நிறுத்தினார். "மனே, சாமான எடுக்காத. முதல்ல அந்தச் சட்டத்தில வழியிறதத் தொட்டு நாக்கில வை. மறுகா பாப்பம்."

தேங்கிக் கிடந்த தண்ணீரில் டீசல் கலந்திருந்தது, அதில் எதுவும் தெரியாது. சட்டத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வழிந்த துளியைத் தொட்டுப் பார்த்தேன். உப்பு இல்லை. கடல் உள்ளே வரவில்லை. இவர்கள் கிழமைக் கணக்கில் குடிக்க வேண்டிய தண்ணீர்தான் வீணாகிக்கொண்டிருந்தது. அந்த ஒரு துளியைப் பார்க்காமல் சிலிப்பில் ஏற்றியிருந்தால் காசும் போய், பயணமும் போய், ஒழுக்கும் அப்படியே இருந்திருக்கும்.

சரி, எங்கே ஒழுகுகிறது? தண்ணீர்த் தாங்கி அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், தட்டுக்குக் கீழே. குசினிக் குழாய் பின்பக்கம். இரண்டுக்கும் நடுவே ஐஸ் அறை. அந்த அறைச் சுவருக்கும் போட்டின் பக்கத்துக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி, அதற்குள்ளேதான் பைப் ஓடுகிறது. கை போகாது, தலை போகவே போகாது. குழந்தைப் பவுடரை அட்டையில் தட்டி உள்ளே ஊதினேன். போனை ஒரு நீள மரச் சிலாகையில் டேப் சுற்றிக் கட்டி, லைட்டைப் போட்டு, வீடியோ ஓடவிட்டு உள்ளே தள்ளினேன். வெளியே எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தூளில் ஒரு கறுப்புக் கோடு. அதன் மேல் நுனியில் எஸ்லோன் (பிவிசி) எல்போ. எல்போவின் கீழ் விளிம்பில் ஒரு துளி திரண்டு, நடுங்கி, விழுந்தது. வீட்டுக் குழாய் அசையாது, போட் நாள் முழுக்க அதிர்கிறது. விறைத்த பைப்பும் ஒட்டுப் போட்ட எல்போவும் அந்த அதிர்வைத் தாங்காமல் மயிரிழையாய் வெடிக்கும்.

ஐஸ் அறைச் சுவரை வெட்டலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. உள்ளே இருப்பது குளிரைக் காக்கிற ஸ்பொஞ்ச். அதில் தண்ணீர் ஊறினால் ஐஸ் நிற்காது. மூடிய இடத்துக்குள் ஒட்டுப் பசையோடு வேலை செய்வதும் எனக்குப் பயம், அந்த வாடை கொஞ்ச நேரத்தில் தலையைச் சுற்ற வைக்கும்.

ஆகவே அந்த எல்போவைத் தொடவேயில்லை. பழைய பைப்பின் இரண்டு முனையையும் கை எட்டுகிற இடத்தில் வெட்டி மூடிவிட்டு, பக்கத்தாலேயே புது ஹோஸ் ஒன்றை முழுசாக விட்டோம். குடிதண்ணீருக்கென்றே விற்கிற, நூல் பின்னிய ஹோஸ். நடுவில் ஒரு பொருத்துக்கூட இல்லை. கமுகஞ் சிலாகை இரண்டை நீளத்துக்குக் கட்டி, நுனியில் தங்கூசியை (மீன்பிடிக்கிற நைலோன் நூல்) முடிந்து அந்தப் பக்கம் தள்ளினோம். தங்கூசி ஒற்றையாக இருந்தால் இழுக்கும்போது நீளும், அதனால் நாலாக முறுக்கினோம். ஹோஸுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, ஐயா ஒரு பக்கம் தள்ள நான் மறுபக்கம் இழுத்தேன். முனையைத் தேத்தண்ணிக் கேத்தலின் சுடுதண்ணீரில் பிடித்தால் இளகும், சிரமமில்லாமல் ஏறும்.

கிளிப் போடும்போது திருகாணித் தலை ஆள் வருகிற பக்கம் பார்க்க வேண்டும். பட்டி துருப்பிடிக்காத இரும்பாக இருந்து திருகாணி சாதா இரும்பாக வருகிற கிளிப் கடைகளில் நிறைய உண்டு. கடல் காற்றில் திருகாணிதான் முதலில் போகும், வாங்கும்போதே இரண்டையும் பாருங்கள்.

எல்லாம் முடிந்து அடியைக் காயத் துடைத்துவிட்டு விடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பம்ப் ஒரு தரம்கூட ஓடவில்லை.

சாய்ந்தமருதிலிருந்து:

உங்களுக்கு நல்ல தண்ணீர், எங்களுக்குக் கடலே உள்ளே வந்தது. எஞ்சினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீர் எடுக்கிற குழாயில் பித்தளை எல்போ ஒன்று, ஒலுவிலைத் தாண்டிப் போகும்போது இரவில் முறிந்தது. வால்வு எஞ்சினுக்கு அடியில், கைபிடி இறுகிக் கிடந்தது. நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே ஒரு அங்குல ஓட்டை என்றால் நிமிடத்துக்கு 50 லீற்றருக்கு மேலேயே உள்ளே வரும். எங்கட காக்கா (அண்ணன்) குப்புறப் படுத்து, வாப்பா செதுக்கி வைத்திருந்த மரக்கட்டையை அந்த வாயில் வைத்து அடித்து, மேலே சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றினார். அல்ஹம்துலில்லாஹ், அதோடு கரைக்கு வந்தோம்.

முறிந்த துண்டை வெயிலில் பார்த்தபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. பித்தளையில் செம்போடு கலந்திருக்கிற நாகத்தை (சிங்க்) கடல் தண்ணீர் மெல்ல மெல்லத் தின்றுவிடும், மிஞ்சுகிற செம்புக்குப் பலமில்லை. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே நிற்கும். சிலிப்பில் ஏற்றி வெண்கலத்தில் மாற்றினோம். அப்புறம் வால்வுக் கைபிடியில் ஒரு நீளக் கம்பி பூட்டி மேலே கொண்டுவந்தோம். இப்போது நின்றபடியே மூடலாம். மாதம் ஒரு தரம் மூடித் திறக்கிறோம், இறுகுவதில்லை. மரக்கட்டையும் ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் நூலில் தொங்குகிறது.

மட்டக்களப்பிலிருந்து:

காக்காவுக்கு என் சலாம். வாடைக் காற்று தொடங்கிப் போட்டுகள் கரையில் நிற்கும்போது, அதே வாழைச்சேனைப் போட்டின் கடல் தண்ணீர் வால்வையும் பார்க்க ஐயா என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அதுவும் எஞ்சினுக்கு அடியில்தான். அந்தக் கம்பியைக் கைபிடியில் எப்படிப் பூட்டினீர்கள்? ஒட்டினீர்களா, ஆணி கடாவினீர்களா? முடிந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.