உதவி: டிரம்பெட் பயிற்சியில் எட்டும் சுரத்தின் உயரம் கூடவில்லை, குறைகிறது

செந்தூல்_டிரம்பெட்
வணக்கம். கிளாட் கோர்டனின் 'சிஸ்டமேடிக் அப்ரோச்' புத்தகத்தை வைத்துப் பயிற்சி செய்கிறேன். பத்தாவது பாடம் தாண்டியாயிற்று. ஆரம்பத்தில் இசைக்குறிப்பின் ஐந்து கோடுகளுக்கு மேலே உட்காரும் ஜி சுரம் சுலபமாக வந்தது. இப்போது அதற்குக் கீழே உள்ள ஈ சுரத்தைத் தாண்டினாலே காற்று மட்டும்தான் வருகிறது. உதடு மரத்துப் போகிறது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜி-க்கும் மேலே உள்ள ஹை சி சுரத்தை வாசிக்க வேண்டும். எத்தனை வாரத்தில் வரும்? ஒரு நாள் கூட விடவில்லை. அவசரம்.

ஜாலான்_ஈப்போ_ஜாஸ்
எத்தனை வருடமாக வாசிக்கிறீர்கள்? என்ன மவுத்பீஸ் (உதட்டில் வைக்கும் முனை)? சொல்லித்தர ஆள் உண்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், நடுவில் ஓய்வு எவ்வளவு?

பிறை_பாண்டு
மவுத்பீஸ்தான் காரணம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 7சி அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு 3சி அளவு வாங்குங்கள். எனக்கு உயரச் சுரம் உடனே திறந்துகொண்டது.

ஜாலான்_ஈப்போ_ஜாஸ்
அவரிடம் 7சி இருக்கிறது என்று யார் சொன்னது?

தண்ணீர்மலை_மைந்தன்
மூச்சு சரியில்லை. காலையில் பிராணாயாமம், குளிர்பானம் நிறுத்தம். ஹை சி தானாக வரும்.

பழைய_கார்னெட்
இந்தக் கேள்வியை வேறு வேறு பெயரில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புத்தகத்தின் பயிற்சிப் பக்கத்தைப் பார்ப்பார்கள், அதற்கு மேலே எழுதியிருப்பதை வாசிக்க மாட்டார்கள். கோர்டன் யாருடைய மாணவர் தெரியுமா? ஹெர்பர்ட் எல். கிளார்க். அமெரிக்காவின் சூசா பாண்டில் கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறு கொம்பு) தனி வாசித்தவர். 1912-இல் வெளியிட்ட பயிற்சிகளை அவர் எப்படி வாசிக்கச் சொன்னார்? சன்னமாக, ஒரே மூச்சில். நீங்களெல்லாம் தொண்டை நரம்பு புடைக்க ஊதிவிட்டு இங்கே வந்து அழுகிறீர்கள். 52 பாடம் இருந்தால் 52 வாரத்தில் வித்வான் ஆகிவிடலாம் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை தம்பி.

பத்து_கேவ்ஸ்_பாஸ்
அண்ணே, விஷயம் சரி. கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாமே.

செந்தூல்_டிரம்பெட்
ஓ, அதெல்லாம் வேண்டுமா. யமாஹா, கூடவே வந்த 11பி4 மவுத்பீஸ். பள்ளி பாண்டு வாத்தியக் குழுவில் வாசித்தது, பிறகு பல வருடம் தொடவில்லை. ஆசிரியர் இல்லை. வேலை முடிந்து வந்து இரவில் ஒன்றரை மணி நேரம், முடிக்கும்வரை வாயிலிருந்து எடுப்பதில்லை. ஃபிளாட் வீடு, அதனால் எப்போதும் பிராக்டிஸ் ம்யூட் (சத்தத்தை அடக்கும் அடைப்பான்) போட்டுத்தான்.

ஜாலான்_ஈப்போ_ஜாஸ்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பிராக்டிஸ் ம்யூட் டிரம்பெட்டின் விரிந்த வாயை அடைத்துக்கொள்கிறது. காற்று எதிர்த்து நிற்கும், அதனால் தேவைக்கு மேல் தள்ளுவீர்கள். சுரமும் கொஞ்சம் ஏறிவிடும், அதை இறக்க உதட்டால் இழுப்பீர்கள். சுருதி, ஓசை எதுவும் காதுக்குச் சரியாக எட்டாது. அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், முழு நேரமும் கூடாது.

அடுத்தது ஓய்வு. இந்தப் பாடங்களில் உயரப் பகுதியைச் சக்தி தீரும்வரை வாசிக்க வைக்கிறார்கள். இடையில் மவுத்பீஸை எடுக்காவிட்டால், களைத்த உதட்டுக்குப் பதிலாகக் கை வேலை செய்யும், கொம்பை முகத்தில் அழுத்துவீர்கள். அழுத்தினால் ரத்த ஓட்டம் குறையும், மரத்துப்போவது அதனால்தான். வாசித்த அளவுக்கு ஓய்வு என்பது பழைய கணக்கு. ஒன்றரை மணியைக் காலை, மாலை என்று பிரியுங்கள். முடிக்கும்போது கீழ்ச் சுரங்களைச் சன்னமாக ஊதி உதட்டைத் தளர்த்துங்கள்.

எத்தனை வாரம் என்று கேட்டீர்கள். பல வருடம் விட்டுத் திரும்பிய ஒருவருக்கு, அதுவும் வேலைக்குப் போய்க்கொண்டு, நம்பி வாசிக்கும் சுரம் அரைச்சுரம் கூடவே மாதங்கள் ஆகலாம். நேர்க்கோட்டில் ஏறவும் செய்யாது. கடினமான பாடத்துக்கு மறுநாள் கீழே இறங்குவது சாதாரணம். ஆனால் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால் அது சாதாரணம் இல்லை, பழைய பாடத்துக்குத் திரும்புங்கள். வீட்டில் ஒருமுறை எட்டிய சுரத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். மேடையில் அதற்கு இரண்டு மூன்று சுரம் கீழேதான் நம்ப முடியும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்த இடத்தை ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க முடியுமா என்று பாடகர் குழுத் தலைவரைக் கேட்டு வைக்கலாம்.

பிறை_பாண்டு
அப்படியென்றால் 11பி4-ஐ மாற்றினால் போதும்.

பத்து_கேவ்ஸ்_பாஸ்
வால்வையும் சோதியுங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (இழுக்கும் குழாயை) கொஞ்சம் இழுங்கள், பிறகு வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் கசிவு இல்லை. பல வருடம் பெட்டியில் கிடந்த கொம்பில் தண்ணீர்ச் சாவியின் (உள்ளே சேரும் ஈரத்தை வெளியேற்றும் திறப்பின்) கார்க்கும் காய்ந்து போயிருக்கும், அதில் கசிந்தால் எந்தச் சுரமும் ஒழுங்காக நிற்காது.

தண்ணீர்மலை_மைந்தன்
ஓய்வு ஓய்வு என்கிறீர்களே. எங்கள் பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதத்தோடு தண்ணீர்மலை வரை நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு போகிறவர்கள் ஓய்வா எடுக்கிறார்கள்? விடியற்காலைச் சாதகம் செய்தவன் சோர மாட்டான்.

பழைய_கார்னெட்
நாதஸ்வரத்தில் அதிர்வது வாயில் வைக்கும் சீவாளி. டிரம்பெட்டில் அதிர்வது உதடு. இது தெரியாதவர் ஆலோசனை சொல்லக் கூடாது.

தண்ணீர்மலை_மைந்தன்
சீவாளியை உதடு பிடிக்கவில்லையா? நீங்கள் நாதஸ்வரத்தைத் தொட்டதாவது உண்டா?

மேளக்காரர்_மகன்_கிள்ளான்
சண்டை வேண்டாம். என் அப்பா நாதஸ்வரம் வாசிக்கிறவர். ஊர்வலத்தில் பெரும்பாலும் இருவர், மாற்றி மாற்றி ஊதுவார்கள். தவில் தனி வரும்போது இருவருக்கும் ஓய்வு. சாதகமும் நிறுத்தி நிறுத்தித்தான். கோலாலம்பூரிலிருந்து பத்துமலை வரை ஒரே ஆள் இடைவிடாமல் ஊதியதாக அவர் சொல்லிக் கேட்டதில்லை.

தண்ணீர்மலை_மைந்தன்
கோலாலம்பூர்க்காரர்களுக்கு எல்லாம் பத்துமலைதான்.

பத்து_கேவ்ஸ்_பாஸ்
ஆரம்பித்துவிட்டார்யா.

பழைய_கார்னெட்
பினாங்கு ரதத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேறு இழை இருக்கிறது.

ஜாலான்_ஈப்போ_ஜாஸ்
செந்தூல், இன்னும் இருக்கிறீர்களா? ம்யூட் இல்லாமல் வாசிக்க இடம் கிடைத்ததா? தேவாலயத்திலேயே பயிற்சி இல்லாத நாளில் திறந்துவிடச் சொல்லலாம். தித்திவங்சா ஏரிப் பூங்காவிலும் காலையில் ஊதலாம், ஓடுகிறவர்கள் முறைப்பார்கள், அவ்வளவுதான்.

செந்தூல்_டிரம்பெட்
தேவாலயத்தில் சாவி கொடுத்தார்கள். மூன்றாம் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். ஜி வருகிறது. கார்க் மாற்றியாயிற்று. ஹை சி-யை ஆர்கனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நன்றி அண்ணே.

பிறை_பாண்டு
மவுத்பீஸ்?

ரவாங்_புதுசு
அந்த பிராக்டிஸ் ம்யூட்டை விற்கிறீர்களா? நானும் ஃபிளாட்தான்.